இருபத்து மூன்று படங்கள்

"அப்பா இதுக்குள்ளதான்டா இருக்காரு."

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். இறந்துபோன அப்பாவின் இரண்டு சின்ன ஃபிலிம் கேமராக்களை ஆளுக்கொன்றாகப் பிரிக்கத் தெரியாமல், மாற்றி மாற்றிக் கையில் எடுத்தார்கள்.

"ஃபிளாஷ் உள்ளதை நீ எடுத்துக்கக்கா. இதுல எல்லாம் கையால சுத்தணும். உனக்கு ஏது பொறுமை?"

"உனக்கு மட்டும் இருக்காக்கும்! நீ கேக்குற இதுலதான் இருபத்து மூணு படம்னு காட்டுதுடா. அப்பா கடைசியா எடுத்த படமா இருக்கும்."

"ஃபிலிம் இருந்தா உனக்கு, இல்லேன்னா எனக்கு. திறந்து பாத்துருவோமா?"

"சீக்கிரம் பாரு. பாலம் வந்துருச்சு, இறங்கணும்."

மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் எடுத்த படங்கள் அழிந்துவிடும். எனக்குத் தெரியும். சமயபுரத்தில் என் மனைவி எடுத்த ஃபிலிம் ரோலை அப்படித்தான் அழித்தேன். ஸ்டுடியோக்காரர் கெடுத்துவிட்டார் என்று அவளிடம் சொன்னேன். சாகும்வரை அவள் அதை நம்பினாள்.

'திறக்காதீங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கினேன்.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா!" என்று சந்தோஷமாகக் கத்தினான் தம்பி. "ஃபிலிம் இருக்கு! உனக்குத்தான்!"