மீதி வாக்கியம்

இல்லக்கா, நீ வாயைத் திறக்காத. மேஜையில ஒரு தட்டு தட்டினா ஆமா, ரெண்டு தட்டினா இல்ல. அதுதானே நம்ம ஏற்பாடு. தலையணையை இன்னும் கிட்ட இழுக்கட்டுமா? சரி. முழங்கையை நல்லா ஊனிக்கோ. ஊனினாத்தான் தோளும் மூச்சுக்கு ஒத்தாசை பண்ணும்.

கீழ் வீட்டம்மா வந்துட்டுப் போனாங்களே, அப்ப நீ தூங்கல. எனக்குத் தெரியும். அந்தம்மா குரல் கேட்டா உனக்கு எங்கிருந்துதான் தூக்கம் வருமோ. மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில குடுத்த உன் மூணு பந்து டப்பாவை எடுத்து வாயில வெச்சு உறிஞ்சிப் பாத்தாங்க. மூணு பந்தும் ஜிவ்வுன்னு மேல போச்சு. அதுல ஒரு பெருமை. கழுவி வெச்சுட்டேன், முறைக்காத.

அப்புறம், உங்க அக்கா இப்படித் துரும்பா இளைச்சுட்டாங்களே, நல்லாச் சாப்பிடச் சொல்லுங்கன்னாங்க. சாப்பாடு மட்டும் இல்லம்மா, மூச்சு விட்டு விட்டே பாதி இளைச்சிருக்கான்னேன். சிரிச்சாங்க. நான் சிரிப்புக்குச் சொல்லல. காகிதத்துல வரைஞ்சே காட்டினேன். போன காத்து வெளிய வராம நுரையீரல் உப்பிக் கிடக்கு. அதுக்கு அடியில குடை மாதிரி வளைஞ்சிருக்க வேண்டிய தசை, உதரவிதானம்னு பேரு, அதைத் தட்டையா அமுக்கிடுச்சு. தட்டையாப் போனா சரியா இழுக்க முடியாது. நாளாவட்டத்துல அதுவும் மெலிஞ்சு போச்சு. இப்ப அந்த உடம்புல ஒழுங்கா வேலைக்குப் போற ஒரே ஆள் கழுத்துதான்னு சொன்னேன். அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்னு எழுந்து போயிட்டாங்க.

என்ன, ஒரு தட்டா? நான் பாடம் நடத்தினா எவளும் ஓடத்தான் செய்வாங்கற. இருக்கட்டும்.

பஞ்சாலையில அத்தனை மிஷின் இரைச்சலுக்கு மேல பேசிப் பழகின தொண்டை உன்னோடது. உன் குரல் கேட்டா மேஸ்திரி வேற வழியாப் போவாராமே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், எனக்கு வாய் இருக்கு, உனக்குத்தான் இல்ல, நீ படின்னு என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டுட்டு நீ நூல் சுத்தப் போன. அந்தத் தூசி உன் வாயை ஒண்ணும் பண்ணல. மூச்சைப் பிடிச்சுக்கிச்சு.

இப்ப ஒரு மூச்சுக்கு மூணு வார்த்தை. மீதியை நான்தான் முடிச்சு வைக்கிறேன். ஜன்னலைங்கற, சாத்தறதுக்கு எழுந்திருக்கிறேன். சாப்பாட்டுலங்கற, உப்பு கம்மின்னு நானே சொல்லிக்கறேன். தம்பி போன் பண்ணப்ப, அவனை ஞாயித்துக்கிழமைன்னு நீ ஆரம்பிச்ச, வரச் சொல்றாடான்னு நான் முடிச்சேன். நீ வர வேண்டாம்னு சொல்ல இருந்திருக்க. குடும்பத்தோட வந்து விளக்கு வைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தான். நாள் பூரா நீ என்னையே முறைச்சுக்கிட்டு இருந்த. மத்தபடி நான் தப்பு பண்றது அபூர்வம். ரெண்டு தட்டா? சரி, அவ்வளவு அபூர்வம் இல்ல.

நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போகணும்.

போன தடவை கேட்டாங்களே. இனிமே மூச்சு ரொம்ப முட்டிச்சுன்னா, தொண்டையில குழாய் விட்டு மிஷின்ல போடலாமா, வேண்டாமான்னு. மிஷின் மூச்சு விட்டா உனக்கு இருக்கிற கொஞ்சத் தசையும் வேலையை விட்டுடும், அப்புறம் குழாயை எடுக்க முடியாமலே போகலாம், எடுத்துட்டு நல்லபடியா வீட்டுக்குப் போனவங்களும் இருக்காங்க, முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னாங்க. நீ நிமிர்ந்து பாத்த. குழாயை வெச்சா நான்னு ஆரம்பிச்ச. மூச்சு தீந்து போச்சு.

படுத்த படுக்கையாத்தான் கிடக்கணும், அதனால வேண்டாங்கறான்னு நான் முடிச்சேன். ஜன்னலைச் சாத்தற மாதிரிதான். யோசிக்கல. டாக்டரம்மா உன்னைப் பாத்தாங்க. உன் தலை ஆடிச்சு. சரின்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

நீ மூச்சு இழுக்கும்போதெல்லாம் உன் தலை ஆடுதுக்கா. கழுத்து இழுக்குது, தலை ஆடுது. அது அவங்களுக்கு அந்த நேரத்துல தோணல. எனக்குத் தோணிச்சு. தோணியும் உன் செருப்பை எடுத்துப் போட்டேன், வண்டியைக் கூப்பிட்டேன். வேண்டாம்னது உனக்காகவா, எனக்காகவான்னு அதுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் பிடிபடல. அழுகையும் வரல. மரத்துப் போன கால் மாதிரி, இருக்கு, ஆனா இல்ல.

அப்படியே விட்டா, அடுத்த தடவை முட்டும்போது குழாய் வைக்க மாட்டாங்க. மாத்தணும்னா நாளைக்கே மாத்திக்கலாம்.

தட்டாத. நான் கேக்கறது ஆமாவா இல்லையான்னு இல்ல. தலையும் ஆட்ட வேண்டாம், அது பதிலா மூச்சான்னு எனக்கே தெரியறதில்ல. குழாயை வெச்சா நான்னு சொன்னியே, அதுக்கப்புறம் என்ன? மூணு மூணு வார்த்தையாச் சொல்லு. பொழுது இருக்கு.

நான் முடிக்க மாட்டேன்.