கையெடுக்காதவன்

கொழும்பில், கிராண்ட்பாஸ் போகும் ட்ராமில் எனக்கு முன்னால் இரண்டு கிளாக்கர்மார். கண்ணாடி போட்டவர் தான் வாசித்த பயங்கர நாவலைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எங்களைப் போலை சின்னனிலையிருந்து ஒண்டாய்த் திரிஞ்ச பெடியள். வேறை கிரகத்திலையிருந்து வந்த ஒண்டு, அதிலை ஒருத்தனைத் திண்டுபோட்டு அவன்ரை உருவத்திலையே திரியுது."

"கூட்டாளியளுக்குத் தெரியாதோ?" என்றார் குடை வைத்திருந்தவர்.

"எப்பிடித் தெரியும்? அவனை மாதிரியே சிரிக்குது, கதைக்குது. ஒருநாள் கோயிலைக் கடக்கேக்கை எல்லாரும் கையெடுக்கினம். அது மட்டும் சும்மா இருக்குது. பிடிபட்டுப்போச்சு!"

அப்போது ட்ராம் பிள்ளையார் கோயிலைக் கடந்தது. குடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கதை மும்முரத்தில் கண்ணாடிக்காரர் எடுக்கவில்லை.

குடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், நான் இதிலை இறங்கிறன்."

"உன்ரை வீடு இன்னும் தூரமெல்லே?"

"பரவாயில்லை, நடக்கிறன்."