வேப்பிலை வறுவல்

மலேசியாவில், லிங்கிப் பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் கொரோனா ஊசிக்கு நின்றிருந்தோம். தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னதால், எனக்கு முன்னால் இருந்த இரு பெண்கள் உரக்கவே பேசினார்கள்.

“நான் கட்டுன வேப்பிலைய வறுத்துத் தின்னுட்டானுங்கடி,” என்றார் மூத்தவர்.

“யாரு, அக்கா?”

“தோட்டத்து வேலைக்கு வந்து கொங்சி வீட்டுல ஒண்ணாத் தங்கியிருக்கிற பங்களாதேஷ் பையனுங்கதான். கொரோனான்னு அடைச்சு வச்சாங்கல்ல? அம்மை கண்ட வீடு மாதிரி யாரும் உள்ள போகக்கூடாதுன்னு வாசல்ல கட்டுனேன். அவனுங்க ஊர்ல அத கத்திரிக்காயோட வறுத்துத் திம்பாங்களாம். நான் சமைக்கக் குடுத்தேன்னு நெனச்சுட்டானுங்க. மறுநாள் ஜன்னல்ல நின்னு, இன்னும் வேணும்னு மலாய்ல கேக்குறானுங்க.”

“குடுத்தீங்களா?”

“குடுக்காம? கத்திரிக்காயும் சேர்த்துத்தான் தொங்கவிட்டேன்.”

“நல்ல கூத்துலா.”

“இதக் கேளு. அப்புறம் எனக்கும் கொரோனா வந்துச்சுல்ல? காலையில கதவத் தொறந்தா, கேட்டுல ஒரு கொத்து வேப்பிலை தொங்குது. கூடவே ரெண்டு கத்திரிக்காய்.”

இளையவர் சிரித்துவிட்டார். “வறுத்தீங்களா? கசக்கல?”

“அப்ப எங்க தெரிஞ்சுச்சு? நாக்குதான் செத்துக் கெடந்துச்சே. நேத்து வறுத்தப்பதான் தெரிஞ்சுச்சு. அப்பப்பா, என்னா கசப்பு!”