அனுசுயாவின் இரண்டாம் அத்தியாயம்

ஆய்வேட்டுக்கு இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். பைண்டிங்கில் கொஞ்சம் உள்ளே போய்விடும் என்று யோசிக்காமல், பலர் நான்கு பக்கமும் ஒரே அளவு வைத்துவிடுகிறார்கள். பிறகு எழுத்தெல்லாம் முதுகுக்குள் புதைந்துவிட்டது என்று புலம்புவார்கள். என் மனைவி அனுசுயாவும் அப்படித்தான் வைத்திருந்தாள். நான்தான் சரிசெய்து கொடுத்தேன்.

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் ஆசிரியர். அவள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். டாக்டர் பட்டம் வந்தால்தான் வேலை நிலைக்கும். வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயக் காடுகளுக்குக் கூலிக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தாள். வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்களோடு காட்டில் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டே பேசிவிட்டு வருவாள். சேலையெல்லாம் வெங்காய வாடை அடிக்கும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பேன், அவ்வளவுதான்.

எனக்கும் ஒரு ஆய்வு இருந்தது. முதல் அத்தியாயத்தின் தலைப்போடு நின்றுவிட்டது. தலைப்பு மட்டும் தாளின் நடுவில், தடித்த எழுத்தில், பார்க்க மிக அழகாக இருக்கும்.

அனுசுயாவுக்கு எழுத வரும், ஃபார்மேட் வராது. ஒரு அட்டவணையை நகர்த்தினால் பத்துப் பக்கம் கலைந்துவிடுகிறது என்று கண் கலங்குவாள். "நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க. எனக்கு வேர்டைத் தொறந்தாலே பயமா இருக்கு" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயங்களுக்குச் சாதாரண எண், தானாக மாறும் பொருளடக்கம் என்று எல்லாம் போட்டேன். நன்றியுரையில் என் பெயர் கடைசியில் இருந்தது. நெறியாளர் கலைவாணனுக்கும் அவள் அம்மாவுக்கும் பிறகு. வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவது ஆய்வாளர் வீட்டின் பொறுப்பு. "சாப்பாட்டை நீங்க பாத்துக்குங்க சார்" என்று கலைவாணன் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய வாரம் அவள் அம்மா கொளஞ்சியம்மாள் அரும்பாவூரிலிருந்து வந்திருந்தார். இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "மாப்ள, பேனர்ல எம்மவ பேருக்கு முன்னாடி டாக்டருன்னு போடுவாங்களாமே. ஒங்க பேருக்கு முன்னாடி என்னா போடுறது?"

அந்த அம்மாள் வெள்ளந்தியாகத்தான் கேட்டார். அனுசுயா சிரித்தாள். பிறகு "சும்மா இரும்மா" என்றாள். சிரித்தது முதலில், அடக்கியது பிறகு. மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

வேர்டில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஒரு எழுத்தை வைத்து அதற்கு வெள்ளை நிறம் கொடுத்தால், கண்ணுக்கு வெறும் இடைவெளிதான் தெரியும், கணினிக்கோ இரண்டும் ஒட்டி வேறு சொல்லாகிவிடும். அடுத்தவர் எழுத்தைத் திருடுகிறவர்கள் சோதனை மென்பொருளை ஏமாற்ற அப்படிச் செய்வார்கள். இப்போது வரும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது எனக்குத் தெரியும். முந்தைய ஆய்வுகளைப் பற்றிப் பேசும் இரண்டாம் அத்தியாயத்தில் பிறர் மேற்கோள்கள் நிறைய இருந்தன. அன்று இரவே அந்த மேற்கோள்களுக்குள் வெள்ளை எழுத்துகளைத் தூவினேன். வரி ஒன்றுகூடப் பிசகாமல் பார்த்துக்கொண்டேன். அவள் ஒரு சொல்லையும் திருடவில்லை. திருடி மறைத்தவள் போல ஆக்கினேன்.

அவள் சமர்ப்பித்த பிறகு பல்கலைக்கழகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப மனம் வரவில்லை. திரையில் அந்த எழுத்துகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துக் காட்டினார்கள். இரண்டாம் அத்தியாயம் அம்மை போட்டது போல இருந்தது. ஃபார்மேட் செய்தது யார் என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"நானேதான் சார் பண்ணேன்" என்றாள்.

திரும்பும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து சொன்னாள்: "ஒங்க பேரச் சொல்லியிருந்தா ஸ்கூல்ல ஒங்க வேலைக்கே உலை வச்சிருப்பாங்க. ஏதோ கை தவறி நடந்துருக்கு. வுடுங்க." அழுதுகொண்டே என் தோளைப் பிடித்திருந்தாள். நான் வண்டியை நிதானமாக ஓட்டினேன்.

அவள் ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். கல்லூரியும் வரவேண்டாம் என்றது. வெங்காயக் காட்டுப் பெண்கள் போன் செய்தால் எடுப்பதை நிறுத்தினாள். வீட்டில் வெங்காய வாடை இல்லை. ஒரு குடும்பம் கௌரவமாக இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் பொறுப்போடு சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். அதை நான் எடுத்தேன். அவளை நான் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை.

கலைவாணன் சும்மா இருக்கவில்லை. அலைந்து திரிந்து அவளுக்கு மறுபடி பதிவு வாங்கிக் கொடுத்தார். இன்னொரு முறை தவறினால் பிறகு எந்தக் காலத்திலும் கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்களாம். அனுசுயா எங்கள் மகள் ஜோதியிடம் உட்கார்ந்து வேர்ட் கற்றுக்கொண்டாள். இந்த முறை லேப்டாப்பை என் மடியில் வைக்கவில்லை. "நானே பண்ணிக்கிறேன். நீங்க செரமப்படாதீங்க" என்றாள். டீ கொண்டுபோய் வைத்தால் திரையை மெல்லச் சாய்க்கிறாள். கட்டிய கணவனிடம் ஒரு பெண் அப்படி நடந்துகொள்வது சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

நாளைக் காலை அவள் அதைச் சமர்ப்பிக்க வேண்டும். இன்று சாயங்காலம் ஜோதியோடு கடைவீதிக்குப் போயிருந்தாள். லேப்டாப் கடவுச்சொல் கேட்டது. என் பெயரை அடித்தேன், இல்லை. எங்கள் கல்யாண நாளும் இல்லை. கொளஞ்சியம்மாள் என்று அடித்ததும் திறந்துகொண்டது. அக்கறையில்தான் பார்த்தேன். இடது மார்ஜின் ஒன்றரை அங்குலம், அச்சுப் பிசகாமல் இருந்தது. பக்க எண், தலைப்பு, பொருளடக்கம் எல்லாம் சரி. நன்றியுரையில் என் பெயர் இல்லை. நான் திருத்துவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

அதனால் நேராக இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனேன்.