பொட்டு நின்ற மேகசின்

காலை ஐந்து பத்து. முதல் ஷெல் குண்டு விழுகிறது. ஜன்னல் கண்ணாடி என் காலடியில் கொட்டுகிறது. எல்லையோர ராணுவக் குடியிருப்பின் படிக்கட்டில் நிற்கிறேன். கீழிருந்து மகன் கத்துகிறான்.

"ஏ அம்மா, அங்கன நிக்காத. பங்கருக்குள்ள போ. குனிஞ்சு போ."

அவன் ஓடுகிறான். என் இசக்கிராஜா உயிரோடு இருந்து நான் கடைசியாகப் பார்த்தது அவன் முதுகைத்தான்.

பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருட்டு. முகாம் வேலிப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். படபடவென்று சுடும். நிற்கும். மறுபடி சுடும். நிற்பது தோட்டா தீர்ந்து மேகசின் மாற்றும் நேரம். முந்தின நாள்தான் அவன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் ஊர் மேலகரத்திலிருந்து தென்காசிக் கோயில் குங்குமத்தோடு போயிருந்தேன். முகாமில் மேசைமேல் துப்பாக்கிகள். பக்கத்தில் தோட்டா அடைக்கும் மேகசின்கள். எல்லாம் லேசாக வளைந்திருந்தன. தோட்டா நுனிப்பக்கம் ஒடுங்கியிருக்கும், அடுக்கினால் வளைவாகத்தான் நிற்கும் என்றான். அடியில் ஸ்பிரிங். அது தோட்டாவை மேலே தள்ளும். புதியவை பிளாஸ்டிக். துருப்பிடிக்காது. விழுந்தாலும் நெளியாது. அவனிடம் பழைய இரும்பு மேகசின் ஒன்றும் இருந்தது.

எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் பொட்டு வைத்தேன். பிளாஸ்டிக்கில் சந்தனம் நிற்கவில்லை. காய்ந்ததும் குங்குமத்தோடு உதிர்ந்தது. அபசகுனம் என்று பதறினேன். அவன் சிரித்தான்.

"டப்பாவுக்கு எதுக்கும்மா பொட்டு?"

இரும்பில் பெயின்ட் உரிந்த இடத்தில் பொட்டு நின்றது. இதை வைத்துக்கொள் என்றேன். இதன் வாய் நெளிந்தால் தோட்டா சிக்கும், திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றான். கூட நின்றவன் ரகீம். கடையநல்லூர்ப் பையன்.

"அம்மா சொல்லுதாவல்ல, வச்சுக்கலே. நிம்மதியா ஊர் போய்ச் சேரட்டும்."

வைத்துக்கொண்டான்.

பங்கருக்குள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். சத்தம் நிற்கிறது. தொடங்கவில்லை. சிக்கிவிட்டதா? நான் வைத்துக்கொள்ளச் சொன்ன மேகசினா? பிறகு தொடங்குகிறது. உடனே ஒரு ஷெல். மிகப் பக்கத்தில். மேலிருந்து மண் கொட்டுகிறது.

அவன் உடலோடு ஊர் வந்தேன். குற்றாலத்தில் வெள்ளம். அருவியில் குளிக்கத் தடை. சிற்றாறு கலங்கி ஓடியது. அதில்தான் அஸ்தியைக் கரைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் வீரன் என்றார்கள். நான் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்பது?

குடியிருப்பில் இறந்தவர்கள் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. வேலியில் நான்கு பேர். அதில் ஒருவன் என் மகன். வயது இருபத்துநான்கு.

எல்லோரும் போன பிறகு ரகீம் வந்தான். இடது கையில் கட்டு. காபியைத் தொடவில்லை. கேட்டுவிட்டேன்.

"அது சிக்கிச்சாப்பா?"

தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இல்லம்மா. எனக்குத் தோட்டா தீந்துபோச்சு. அவன் துப்பாக்கில பாதி இருந்துச்சு. பையில அந்த இரும்பு மேகசின் ஒண்ணுதான். 'புடிலே'ன்னு எறிஞ்சான். மாட்டிச் சுட்டேன். ஒரு தோட்டாகூட சிக்கல. திரும்பிப் பாத்தா அவன் இருந்த இடத்துல ஷெல் விழுந்துருக்கு. பொறவு கை கழுவையில சந்தன வாசம் வந்துச்சும்மா."