இடக்கையால் நீட்டிய சந்தனம்

என் கணக்குப் பரீட்சைத் தாளைத் திருத்தித் திருத்தியே தலை நரைத்தவரும், இன்று இந்த அவையின் தலைமையை ஏற்றிருப்பவருமான ஆசிரியப் பெருந்தகை உபகாரசாமி ஐயா அவர்களே! காரைக்குடி தனித்தொழில் புரிவோர் சங்கத்தின் பொறுப்பாளர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! கோவிலூரிலிருந்தும் வலையபட்டியிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் தாய்மார்களே! முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே, விடுப்புக் கேட்டால் தர மறுப்பவனும் நானே என்று வாழுகின்ற படம் பிடிப்போரே, வரைபடம் போடுவோரே, வரி ஆலோசகர்களே, மடியில் கணினியும் மனத்தில் கலக்கமுமாய் வெளிநாட்டுக்கு வேலை பார்க்கும் தம்பி தங்கையரே! அனைவரையும் தண்டாயுதபாணியாகிய நான் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நான் கல்யாண ஆலோசகன். மேடை எங்கே, பந்தி எங்கே, மாப்பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினால் தொப்பை படத்தில் விழாது என்றெல்லாம் சொல்லிப் பிழைப்பவன். என் வண்டியின் பக்கப்பெட்டிதான் தலைமை அலுவலகம். அதில் ஊழியர் ஒருவர், அவர் நான். அவரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

என்ன, பின்னால் சலசலப்பு? மாயக்கண்ணன் அண்ணனா? எழுந்தே நின்றுவிட்டாரே!

"பேச்செல்லாம் இருக்கட்டும்ப்பா. வாசல்ல ஒரு பொம்பள இடது கையால சந்தனத்த நீட்டுது. வந்தவுகள இப்பிடித்தான் வரவேப்பீகளா?"

நியாயமான கோபம். நம் ஊரில் இடக்கையால் தண்ணீர் கொடுத்தால்கூடக் குடிக்கமாட்டோம். ஒக்காருங்கண்ணே, பதில் சொல்றேன். அதுவரை அந்தக் கோபம் ஆறாமல் இருக்கட்டும். எனக்கு அது தேவைப்படும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதம். நாச்சியாபுரத்தில் ஒரு பெரிய வீடு. ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் எந்தத் தேசத்தில் பிழைத்தாலும் தாலி கட்டுவது அந்த வீட்டில்தான். அதற்காக மட்டுமே பூட்டைத் திறப்பார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் தரையைத் துடைப்பார்கள், தூணைத் துடைப்பார்கள். தலைக்கு மேலே இருப்பதை யார் பார்ப்பார்கள்?

அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் அலங்காரம், புஷ்பவள்ளி. நம்மைப்போலத் தனியாள். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் இருவர். புஷ்பவள்ளி மருதாணி போட்டால் அந்தக் கையைக் கழுவ மணமகளுக்கே மனம் வராது. அப்படியொரு வலக்கை!

கல்யாணத்துக்கு முதல் நாள் அங்கே காப்பீட்டு ஆலோசகர் மெர்சியும் வந்திருந்தாள். வரச் சொன்னதே புஷ்பவள்ளிதான். பூக்கட்டும் பெண்கள் நடுவே உட்கார்ந்து மெர்சி விளக்கினாள்:

"ஒங்க வேலையால அடுத்தவுகளுக்கு அடிபட்டா, ஒங்களுக்காக நாங்க குடுப்போம். அது ஒரு பாலிசி. ஒங்களுக்கே அடிபட்டு வேலை பாக்க முடியாமப் போனா, அதுக்கு வேற பாலிசி இருக்குக்கா. அண்ணே, நீங்களும் போட்டுக்கலாம்."

கையெழுத்துப் போடப் புஷ்பவள்ளி பேனாவைத் திறந்துவிட்டாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"ஏம்மா மெர்சி, கல்யாண வீட்ல வந்து கை ஒடிஞ்சா எம்புட்டு, காலு ஒடிஞ்சா எம்புட்டுன்னு ஏலம் விடுறியே! மாப்ளைக்கும் ஒரு பாலிசி போட்டுரு, நாளைக்கு அவருக்குத்தான் பெரிய விபத்து காத்திருக்கு!"

நீங்கள் இப்போது சிரித்தீர்களே, அப்படியேதான் அவர்களும் சிரித்தார்கள். பூக்கட்டும் பெண்கள் சிரித்தார்கள். புஷ்பவள்ளியும் சிரித்தாள். மெர்சி மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒங்களுக்கு வேணாம்னா விடுங்க. அக்காவப் போடவிடுங்க."

"நல்ல காரியம் நடக்குற எடத்துல என்னம்மா இது? பேனாவ மூடு புஷ்பம். ஒண்ணும் ஆகாது!"

மூடினாள். என் ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் நான் அடித்த வேடிக்கைகள் ஆயிரம். அத்தனையையும் மறந்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

அன்று மாலை, நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தில் பூச்சரவிளக்கு ஒன்றைத் தொங்கவிடச் சொன்னேன். ஆளுயர இரும்பு வளையம். சுற்றிலும் பூ, உள்ளே விளக்கு. பழைய ஊஞ்சல் கொக்கி ஒன்று உத்தரத்தில் இருந்தது. மின்வேலை பார்க்கும் முத்தரசு ஏணியில் நின்றபடி குரல் கொடுத்தான்:

"அண்ணே, கொக்கி லேசா அசையுது. வெவரம் தெரிஞ்ச ஆள யாரையாச்சும் வரச்சொல்லிப் பாத்துருவமா?"

"நூறு வருசம் ஊஞ்சலத் தாங்குன கொக்கிடா அது. பூவத் தாங்காதா? ஒண்ணும் ஆகாது, மாட்டு!"

என் தொழில் ஆலோசனை சொல்வது. நான் சொன்ன ஆலோசனை அதுதான்.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. விளக்கின் கீழே இருந்த மணமகளின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யப் புஷ்பவள்ளி குனிந்தாள். மேலே ஒரு முனகல் சத்தம். நிமிர்ந்து பார்த்தவள் மணமகளை ஒரே தள்ளாகத் தள்ளினாள். மணமகள் பிழைத்தாள். தள்ளிய கையின்மேல் வளையம் விழுந்தது.

எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டுமா?

மதுரையில் மருத்துவமனை. மூன்று விரல்கள் இன்றுவரை மடங்கவில்லை. அப்போதிருந்த என் வண்டியை விற்றுக் கொடுத்தேன்; அந்தப் பணம் மூன்று மாதம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். அதற்கும் பிறகு, அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனேன்.

அவளுடைய சொந்தக்காரர்கள் என்மேல் வழக்குப் போடச் சொன்னார்கள். அவள் கேட்டாளாம்: "எப்பிடிப் போடுறது? அண்ணன்ட்ட என்ன இருக்கு?" அதைக் கேட்டபோது எனக்கு வந்தது அழுகையன்று, அன்பர்களே. நிம்மதி! வெட்கத்தோடு சொல்கிறேன், நிம்மதி! என்ன மனிதன் நான்?

சரி, நான் மட்டுமா? இங்கே நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நிறுவனத்தில் இருப்பவன் தவறினால் நிறுவனம் முன்னே வந்து நிற்கும். நாம் தவறினால் யார் நிற்பார்கள்? வரி ஆலோசகரே, நீங்கள் தவறாய் எழுதிய ஒரு வரியால் ஒரு கடைக்காரர் அபராதம் கட்டினால் யார் நிற்பார்கள்? வீட்டு வரைபடக்காரரே, நீங்கள் இடிக்கலாம் என்று சொன்ன சுவரோடு மாடியும் இறங்கினால் யார் நிற்பார்கள்? கணினித் தம்பி, உன் கைதவறி ஒருவருடைய பத்தாண்டுத் தகவல் அழிந்தால் யார் நிற்பார்கள்? ஆலோசனையில் நேரும் பிழைக்கும் காப்பீடு உண்டு என்பதாவது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கெட்டதைப் பேசினால் கெட்டது வரும் என்கிறோம். பந்தலுக்குத் தகரம் போடும்போது மழையைப் பேசவில்லையா? விருந்து சமைக்கும் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் மணல் வாளி வைக்கும்போது நெருப்பைப் பேசவில்லையா? தகரத்துக்குக் கொடுத்த மரியாதையைத் தன் தொழிலுக்குக் கொடுக்க மறந்தவன் நான்! மணலுக்குக் கொடுத்த மரியாதையை மனுசிக்குக் கொடுக்க மறந்தவன் நான்!

மெர்சி எனக்குக் கமிஷன் தருகிறாளா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். கேட்டுப் பார்த்தேன், தரவில்லை. காப்பீடு எல்லாவற்றையும் தாங்கும் என்றும் நான் சொல்லவரவில்லை. எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். காப்பீடு என் வீட்டைக் காக்க என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. என் வார்த்தையை நம்பி என் விளக்கின் கீழே வந்து நின்றாளே, அவளைக் காக்க!

போன மாதம் மெர்சி சொன்ன இரண்டு பாலிசியையும் எடுத்தேன். காகிதத்தைக் கொண்டுபோய்ப் புஷ்பவள்ளியிடம் காட்டினேன். இடது கையால் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லதுண்ணே. இதுல எனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

வராது. நடந்து முடிந்ததற்கு எந்தக் காகிதமும் பேசாது.

"மேடையில இதப் பேசப்போறேன் புஷ்பம்" என்றேன்.

"பேரச் சொல்லியே பேசுங்க. நானும் வாரேன். வாசல்ல நின்னு சந்தனம் குடுக்குறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

மாயக்கண்ணன் அண்ணே! வாசலில் உங்களுக்கு இடக்கையால் சந்தனம் நீட்டியவள் அவள்தான். அவமரியாதை செய்தவள் அவளல்ல, நான். அந்தக் கோபத்தை இப்போது என் பக்கம் திருப்புங்கள்.

அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறார். நன்றியண்ணே.

பேச இடம் தந்த சங்கத்துக்கு நன்றி. பொறுத்துக்கொண்ட தலைவர் ஐயாவுக்கு நன்றி. தொடக்கத்தில் சிரித்தவர்களுக்கு நன்றி. பாதியில் சிரிப்பை நிறுத்தியவர்களுக்கு இன்னும் நன்றி. வெளியே மெர்சி மேசை போட்டிருக்கிறாள். பக்கத்தில் புஷ்பவள்ளி நிற்பாள். போகும்போதும் அந்தக் கிண்ணத்தை நீட்டுவாள். முகம் சுளிக்காமல் உங்கள் வலக்கையால் தொட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து விரலும் மடங்குகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். மடங்கினால், மேசையில் பேனா இருக்கிறது.

அன்று அவள் மூடிய பேனா அது. வணக்கம்.