ஸம்பூர்ணாவின் நீலப் பட்டை

இந்த ஸ்டேஷனில் இருக்கும் மூன்று நாற்காலிகளும் மூன்று மாதிரி இருக்கின்றன. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். என் தொழில் அப்படி.

என் பெயர் ராமபத்ரன், சொந்த ஊர் திருவள்ளூர். என் தகப்பனாருக்குக் கோயில் பாத்திரங்களிலும் குடைகளிலும் அடையாளம் எழுதுகிற கைங்கர்யம். குடமோ அண்டாவோ, எதிலும் அதே திருமண், அதே சங்கு, அதே சக்கரம். கோடு நடுவில் ஒரு மயிரிழை அறுபட்டாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வார். நான் சென்னைக்குப் போய் விளம்பரச் சித்திரக்காரன் ஆனேன். ஆனாலும் அந்தக் கண் போகவில்லை.

புதுவாயலில் ஸம்பூர்ணா கம்பெனியைத் தொடங்கிய ஸம்பத்குமார் எங்கள் தெருக்காரர். சென்ற வருஷம், எழுபத்து மூன்றில், என்னை அழைத்தார். சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதித் தருவது அவர் தொழில். கம்ப்யூட்டர் சென்னையில், வேறொருவருடையது. இங்கே இருந்ததெல்லாம் ஒரு பழைய நெல் கிடங்கு, அட்டையில் துளை போடும் பஞ்சிங் மெஷின்கள், அவற்றில் உட்கார்ந்த ஏழு பெண்கள்.

இதில் என் கஷ்டத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சோப்பு விற்கிறவன் சோப்பை எடுத்துக் காட்டுவான். ப்ரோகிராமை எப்படிக் காட்டுவது? வாங்க வருகிறவனுக்குத் தெரிவது லெட்டர் தாளும் அட்டைப் பெட்டியும் வேனும் சுவரும்தான். அவை ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் உள்ளே எழுதுகிற கணக்கையும் அவன் நம்பமாட்டான். அதனால் ஒரு நீலப் பட்டை போட்டேன், அதன் மேல் மெல்லிய மஞ்சள் கோடு. தாளின் தலையில், உறையில், வேனின் வயிற்றில், பெண்களின் சேலைக் கரையில். கிடங்கின் உள்ளும் புறமும் மார்பு உயரத்தில் நான்கு சுவரையும் சுற்றி ஓடியது. எங்கும் அறுபடக்கூடாது. மொத்த யோசனையும் அதுதான்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. பெயிண்டர் சின்னதுரை மூன்று தடவை மூன்று நீலம் கலந்தான். கேட்டால், "அல்லாம் நீலம்தான சார், இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?" என்றான். வேன் டிரைவர் கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழம் கட்டினான். பெண்கள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார்கள், அந்த நிறம் நீலத்துக்குப் பக்கத்தில் கண்ணைக் குத்தியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொன்று முளைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கதவு. தென்பக்கச் சுவரில், பஞ்சிங் அறையிலிருந்து நேராக வெளியே திறக்கும் கதவு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தச் சுவர்தான். அங்கே போய் யாரோ கதவுக்குச் சிவப்பு அடித்து 'அவசர வழி' என்று எழுதி வைத்திருந்தார்கள். பட்டை ஓடி வந்து அங்கே செத்துப்போகும். நான் சிவப்பை மறைத்து, சுவரைப் போலவே வெள்ளையடித்துப் பட்டையை அதன் மேலும் ஓட்டினேன். மறுநாள் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அவிழ்த்து எறிந்தேன். மறுபடி தொங்கியது. கட்டினவள் சாராள். அந்த ஏழு பேரில் ஒருத்தி, மற்றவர்களுக்கு மேற்பார்வையும் அவள்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம், அப்பா அம்மா கழனி வேலை. மெட்ரிக் பாஸ் பண்ணியவள். கெட்டிக்காரி என்பதை நான் மறுக்கவில்லை.

"ஜன்னல்ல அல்லாம் கம்பி கீது சார். காயிதமா கொட்டிக் கெடக்குது. எதுனா ஆச்சுன்னா புள்ளைங்களுக்கு வழி தெரியணும்ல?" என்றாள்.

எட்டுத் தடவை அந்தத் துணியை அவிழ்த்தேன். ஒன்பதாவது தடவை கைப்பிடியையே கழற்றிவிட்டேன். அவள் ஸம்பத்குமாரிடம் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ராமபத்ரா, வெள்ளிக்கிழமை ஆர்டர் தர பம்பாய்க்காரா வரா. பார்க்கறதெல்லாம் ஒண்ணா இருக்கணும், வாஸ்தவம். ஆனா கதவு திறக்குமோன்னோ?"

"தள்ளினால் திறக்கும்" என்றேன். சாராளிடமும் அதையே சொன்னேன். அவள் தள்ளிப் பார்த்தாள், திறந்தது. சிரித்துக்கொண்டே, "இது போதும் சார். இனிமே துணி கட்டமாட்டேன்" என்றாள். அது போன சனிக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் யாரும் இல்லை. நான் ரோட்டில் நின்று பார்த்தேன். கைப்பிடி போயும் கதவின் விளிம்பு தெரிந்தது. பட்டையில் இரண்டு இடத்தில் செங்குத்தாக ஒரு வெட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சார். ஒரு வருஷ உழைப்பு. ஒரு இரும்புத் தகட்டை அளந்து வெட்டி, கதவை மூடி, வெளிப்பக்கம் நிலையோடு சேர்த்துப் பன்னிரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். மேலே நானே சுண்ணாம்பு அடித்து, பட்டையும் கோடும் எழுதினேன். உள்ளே இருக்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிரித்துவிடுவார்கள்.

புதன்கிழமை மத்தியானம் முன்வாசல் பக்கத்து ஸ்விட்ச் போர்டில் பொறி கிளம்பியது. அதன் கீழே அட்டைக்கட்டு அடுக்கியிருந்தது. மூன்று பெண்கள் முன்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டார்கள். மற்ற நாலு பேருக்கு அதற்குள் வழி அடைபட்டுவிட்டது.

நான் வெளியே தென்பக்கம் நின்றேன். உள்ளே தட்டும் சத்தம் சுவரெங்கும் அலையவில்லை. நேராகக் கதவு இருந்த இடத்துக்கே வந்தது. சாராளுக்கு இடம் தெரியும். "தள்ளுங்கடி, தொறக்கும், சார் சொல்லிக்கீறாரு" என்று அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு ஆட்கள் தண்ணீரோடு முன்பக்கம் ஓடினார்கள். ஒருவன் மட்டும் மூலையில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினான். "சார், இந்தாண்ட வழி எதுனா கீதா?"

"கிடையாது" என்றேன். என் வரைபடத்தில் அந்தச் சுவரில் கதவு கிடையாது. அவன் முன்பக்கம் ஓடிவிட்டான்.

ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்க்ரூவுக்குக் கால் நிமிஷம் வைத்தால் பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம். அவர்கள் ஏழெட்டு நிமிஷம் தட்டினார்கள். நான் அவ்வளவு நேரமும் அங்கேயே நின்று, தகடு அதிர்கிறதே, பட்டையில் விரிசல் விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டுவது நின்றது.

எழுதிக்கொள்ளுங்கள். தகட்டை அடித்தது நான். திறக்கும் என்றதும், வழி கிடையாது என்றதும் நான்தான். சாராளையும் மூன்று பெண்களையும் கொன்றது நான். அதில் ஸம்பத்குமாருக்கோ சின்னதுரைக்கோ பங்கு இல்லை.

கிடங்கில் மற்ற மூன்று சுவர்களும் கரி பிடித்துவிட்டன என்றார்கள். தென்பக்கம் அப்படியே இருக்கிறது. நாளைக்குப் பம்பாய்க்காரர்கள் வந்தால், அவர்களை அந்தப் பக்கமாக அழைத்து வரச் சொல்லுங்கள்.